முப்பத்தாறாயிரம் மீன்

கப்பல் வர இன்னும் நூற்று முப்பத்தாறு மணி நேரம் இருந்தது. சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. நான் தங்கியிருந்த வீட்டின் பின்னால், வீட்டுக்காரி தனபாக்கியம் அக்கா உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று அந்த மணிகளைச் சந்தோஷமாக எண்ணிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் அதிகாரி தீவின் துறைமுகமான கேம்பல் பேயில் இறங்குவார். என் அறிக்கையைப் பாராட்டுவார். தற்காலிகம் என்று போட்டிருக்கும் என் வேலையை நிரந்தரமாக்குவார். அப்போது சொல்ல இரண்டு வாக்கியங்கள் தயாரித்து வைத்திருந்தேன். இரண்டும் ஒரே வாக்கியம்தான் என்று பிறகு தெரிந்தது.

"நாயக் மீனு கொறஞ்சிப்போச்சி மேடம்," என்றாள் அக்கா. "போன வருசம் வலையைப் போட்டா குண்டான் ரொம்பும். இப்ப அஞ்சு வந்தா அதுல ஒண்ணு உங்க மீனா கீது. அதையும் திருப்பி வுட வேண்டிதாயிருக்கு."

"என் மீனா?"

"பின்ன யார் மீனு? நீங்கதான ரெக்கையை வெட்டி வுட்டீங்க? சர்க்காரி மீனு."

"திருப்பி விடறீங்களா அக்கா?"

"துன்னுட முடியுமா? எங்க வூட்டு சுபேதார் ஆர்டர் ஆச்சே. வலையில வந்தா, கையால தொடாம, அப்படியே தண்ணியில எறக்கிடணும். ஒருக்கா ஒரு மீனு செத்துப்போச்சி. ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல, கேஸ் போட்டுடுவாங்களோன்னு."

"எப்போலேர்ந்து?"

"நீங்க வெட்டி வுட்ட அன்னிலேர்ந்து." அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். "இன்னாம்மா இப்படி வெளுத்துப்போறீங்க? வெயில்ல நிக்காதீங்க, உள்ள போங்க."

வெயில் காரணமில்லை. காரணத்தைச் சொல்ல ஆற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த ஆற்றுக்கு வரைபடத்தில் பெயர் இல்லை. கேம்பல் பேயிலிருந்து பதினொன்றாம் கிலோமீட்டர் கல்லுக்கு அருகே ஓடுவதால் பதினொன்றாம் ஆறு என்றார்கள். காட்டுக்குள் ஒரு பாறையிலிருந்து குதித்து, மூன்று கிலோமீட்டர் ஓடி, கடலில் முடிந்துவிடும். முகத்துவாரத்தில் ஒரு முதலை இருப்பதாகச் சொன்னார்கள். நான் சரிபார்க்கவில்லை.

கரையில் அறுபத்திரண்டு குடும்பங்கள். எல்லோரும் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். சர்க்கார் ஐந்து வருடத்துக்கு முன் நிலம் கொடுத்துக் கொண்டுவந்து இறக்கியது. பஞ்சாப், மராட்டியம், ஆந்திரா, நம் வேலூர்ப் பக்கம். பெரும்பாலோர் கடலே இல்லாத ஊர்க்காரர்கள், படகும் கிடையாது. ரேஷனில் அரிசியும் பருப்பும் வரும். கப்பல் தாமதமானால் பருப்பு வராது. அப்போது பிள்ளைகளுக்குத் தட்டில் விழுவது இந்த ஆற்று மீன்தான்.

அதில் அதிகம் கிடைத்தது வெள்ளி நிறத்தில் கையகலமாக ஒரு மீன். வாலில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கறுப்புத் திட்டு. ராணுவத்தில் சட்டைக் கையில் இரண்டு பட்டை இருந்தால் நாயக். அதனால் நாயக் மீன். அதன் லத்தீன் பெயர் எனக்குத் தெரியும். அதைச் சொன்னபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாயக் என்பது பொருத்தமாகவும் இருந்தது.

மீன்வளத் துறை என்னை அங்கே அனுப்பியது இந்த மீனை எண்ணத்தான். சாலை போடும் தொழிலாளர் முகாம்களுக்குக் கருவாடு வேண்டியிருந்தது. ஆற்றில் பத்தாயிரம் மீனுக்கு மேல் இருந்தால் ஒரு காண்டிராக்டருக்கு ஒரு வருடம் குத்தகை விடலாம். அவர் முகத்துவாரத்தில் குறுக்கே வலை கட்டிக்கொள்வார். பத்தாயிரத்துக்குக் கீழே என்றால் ஆற்றைக் குடியேறிகளுக்கே விட்டுவிட வேண்டும். இந்த வேலைக்கு வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை. நான் பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்துவிட்டு, போர்ட் பிளேரில் குட்வில் எஸ்டேட் வீட்டில் அப்பாவின் எதிரே ஏழு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்பா விண்ணப்பத்தை நிரப்பினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஓடுகிற ஆற்றில் மீனை எண்ணுவது எப்படி என்று கேட்பார்கள். கல்லூரியில் சொல்லிக் கொடுத்தது எளிது. முதலில் கொஞ்சம் மீன் பிடித்து, ஒரு பக்கத்து வயிற்றுத் துடுப்பை நுனியில் வெட்டி, திரும்ப ஆற்றில் விட வேண்டும். நான் நூற்றிருபது மீனுக்கு இடது துடுப்பை வெட்டினேன். மீனுக்கு அது நகம் வெட்டுகிற மாதிரிதான். சில வாரம் கழித்து, எல்லாம் கலந்த பிறகு, மறுபடி பிடிக்க வேண்டும். பத்தில் ஒன்று வெட்டிய மீனாக இருந்தால், ஆற்றில் மொத்தம் நூற்றிருபதின் பத்து மடங்கு. இவ்வளவுதான். ஒரே ஒரு நிபந்தனை: இரண்டாம் முறை பிடிக்கிறபோது வெட்டிய மீன், வெட்டாத மீன் என்று வேற்றுமை பார்க்கக் கூடாது. வலை பார்க்காது. ஓய்வு பெற்ற ராணுவத்தினர் பார்ப்பார்கள் என்று பாடப்புத்தகத்தில் இல்லை.

இரண்டாம் முறை ஐந்து நாளில் அறுநூறு மீன் எண்ணினேன். வெட்டியவை இரண்டு. அதாவது முந்நூறுக்கு ஒன்று. நூற்றிருபதை முந்நூறால் பெருக்கினேன். முப்பத்தாறாயிரம். மூன்று தடவை பெருக்கிப் பார்த்தேன். பெருக்கல் சரியாக இருந்தது. மூன்று கிலோமீட்டர் ஆற்றில் முப்பத்தாறாயிரம் என்றால் மீட்டருக்குப் பன்னிரண்டு மீன். ஆற்றில் கால் வைக்க இடம் இருந்திருக்காது. அந்த வகுத்தலை நான் போடவில்லை. போலீஸ் வயர்லெஸில் எண்ணை அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: வாழ்த்துகள், காண்டிராக்டருடன் அடுத்த கப்பலில் வருகிறேன்.

இனி, அதுவரை யாரிடமும் சொல்லாதிருந்த விஷயம். எழுதுவது சுலபம், காகிதம் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்த அறுநூறு மீனை நான் பிடிக்கவில்லை. ஆற்றுக்கே போகவில்லை. தனபாக்கியம் அக்கா வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஆற்றிலிருந்து வருகிறவர்களின் குண்டானை நிறுத்தி, அதில் இருந்ததை எண்ணினேன். அறிக்கைப் படிவத்தில் 'மாதிரி எடுத்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் மங்கையர்க்கரசி, பி.எஸ்ஸி. என்று என் பெயரை அழகாக எழுதினேன்.

ஏன் போகவில்லை என்றால், ஜனவரியில், துடுப்பு வெட்டிய கடைசி நாள், மடுவின் ஓரத்தில் வழுக்கி விழுந்துவிட்டேன். ஆழம் நெஞ்சளவுதான். ஆனால் புடவை காற்றடைத்துக் குடைபோல் மேலே எழும்ப, நான் அதற்குக் கீழே இருந்தேன். அக்காவும் அவள் கணவர் சுபேதார் சொக்கலிங்கமும் இழுவலையின் இரு முனையைப் பிடித்திருந்தார்கள். வேறு வழி தெரியாமல் வலையைச் சுற்றி வளைத்து என்னையும் சேர்த்து இழுத்தார்கள். நாயக் மீன் பதினொன்றும் நானுமாகக் கரைக்கு வந்தோம்.

"ஏங்க," என்று அக்கா கேட்டாள், "மேடத்துக்கு எந்த ரெக்கையை வெட்றது?"

கரையில் நாற்பது பேர் இருந்தார்கள். அதை ஒருவர் ஹிந்தியில் மொழிபெயர்த்தார். பிறகு மராட்டியில். சிரிப்பு மூன்று தவணையாக வந்தது. அதற்குப் பிறகு நான் ஆற்றில் இறங்கவில்லை. வெப்பநிலையைக் கரையிலிருந்தே கயிறு கட்டி அளந்தேன். கேட்டவர்களிடம் முதலை என்றேன்.

அந்தச் சனிக்கிழமை மாலை, ஆர்டரைப் பற்றிச் சுபேதாரிடம் கேட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து டார்ச் பேட்டரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் மீசை பணியில் இருந்தது.

"ஆர்டர் நான்தான் போட்டேன், மேடம்ஜி," என்றார் நிமிர்ந்து. "நீங்கதான மீட்டிங்ல சொன்னீங்க, 'யே சர்க்காரி நிஷான் ஹை'ன்னு?"

சொன்னேன்தான். துடுப்பு வெட்டத் தொடங்குவதற்கு முந்தின நாள், எல்லோரையும் கூட்டி விளக்கச் சொல்லி இவர்தான் ஏற்பாடு செய்தார். இது சர்க்கார் அடையாளம் என்பது முதல் வாக்கியம். இந்த மீனும் மற்ற மீன் மாதிரிதான், கிடைத்தால் கொண்டுவந்து காட்டுங்கள் என்பது இரண்டாவது. முதல் வாக்கியத்தைச் சொன்னேன். அத்தனை மீசைகளும் என்னைப் பார்த்தன. உட்கார்ந்துவிட்டேன். போர்ட் பிளேரில் வளர்ந்த எனக்கு ஹிந்தி தெரியாமல் இல்லை. பேசத்தான் வராது, எந்த மொழியிலும்.

"சர்க்காரி நிஷான்னா என்ன அர்த்தம்?" சுபேதார் கேட்டுவிட்டு அவரே பதில் சொன்னார். "பட்டாளத்துல ஒரு மக்கு தொலைஞ்சா, தண்ணி குடிக்கிற தகர மக்கு, அதுல முத்திரை இருந்தா கோர்ட் ஆஃப் என்கொயரி. ஒரு கம்பளிக்காக எங்க ஹவில்தார் ஒருத்தரு மூணு மாசம் லீவு இல்லாம கெடந்தாரு. இங்க இருக்கிற அத்தன பேரும் அப்படி வந்தவங்க. நூத்திருபது மீனும் ஆத்துல பத்திரமா இருக்குது. எண்ணிக்குங்க."

"ரெண்டு மீன் மட்டும் வந்துச்சு," என்றேன்.

அவர் முகம் வாடியது. "அது அந்த நெல்லூர்காரன் குடும்பம். அந்த வாரம்தான் கப்பல்ல வந்து எறங்கினாங்க. ஆர்டர் தெரியாது. எழுதி வாங்கிட்டேன், மேடம்ஜி. மன்னிச்சிடணும்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே இடத்தில் முட்டின. என் முப்பத்தாறாயிரம் மீனும் நெல்லூர்க் குடும்பத்தின் ஒரு வேளைக் குழம்பிலிருந்து பிறந்தவை. அவர்கள் அன்றைக்குப் பருப்பு சமைத்திருந்தால் ஆற்றில் கணக்கில்லாத மீன் இருந்திருக்கும். அதையும் நான் வயர்லெஸில் அனுப்பியிருப்பேன்.

"அதனால எதாச்சும் கோளாறா?" என்றார்.

"இல்லை," என்றேன். முதலையை விட்டுவிட்டால் இதுதான் என்னுடைய இரண்டாவது பொய். முதலாவது அளவுக்கு நன்றாக வரவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவு முழுக்க யோசித்து, கோழை ஒருத்தி எடுக்கக்கூடிய மிகத் துணிச்சலான முடிவை எடுத்தேன்: மறுபடி எண்ணுவது. புது எண் கிடைத்தால் அதை நீட்டிவிடலாம். பழையதைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது.

காலையில் அக்காவிடம், ஆற்றில் இறங்க வேண்டும் என்றேன். அவள் என் புடவையை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய்ச் சுபேதாரின் பழைய காக்கிக் கால்சட்டையைக் கொண்டுவந்தாள். அதற்குள் இன்னொருத்திக்கு இடம் இருந்தது. இடுப்பில் தேங்காய்க் கயிறு கட்டினோம்.

"சல்யூட் மேடம்," என்றாள் அக்கா. "பென்ஷன் வந்தா கையெழுத்து நீங்க போட்டுடுங்க."

மூன்று நாள் இறங்கினோம். ஒரு முனை அக்கா, ஒரு முனை நான். முதல் நாள் கணுக்கால் அளவு நீரிலேயே மூச்சு வாங்கியது. இரண்டாம் நாள் ஜனவரியில் விழுந்த அதே மடுவுக்குப் போனோம். அப்போது அடியில் ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிந்தது. இப்போது தெளிவு பார்க்கும் வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினால் ஒரு முழத்திலேயே மறைந்துவிட்டது. மேலே சாலைக்காக மலையை வெட்டிய செம்மண் மழையில் இறங்கிக் கல்லையெல்லாம் மூடியிருந்தது. அந்தக் கற்களுக்கு அடியில்தான் நாயக் மீனின் இரை இருந்தது. இரண்டு மாதம் கரையில் நின்று கயிறு விட்டுக்கொண்டிருந்தவளுக்கு இது தெரிந்திருக்கவில்லை. நோட்டில் ஒவ்வொரு வாரமும் 'நீர் தெளிவு: நன்று' என்று எழுதியிருந்தேன். மேலாக நன்றாகத்தான் இருந்தது.

வெட்டியது, வெட்டாதது எல்லாவற்றையும் வாளியில் போட்டு, எண்ணி, தண்ணீரிலேயே விட்டோம். மொத்தம் தொண்ணூறு. வெட்டியவை பதினெட்டு. ஐந்தில் ஒன்று. அக்கா மீன் அரிந்துகொண்டே சொன்ன அதே கணக்கு. நான் பட்டம் வாங்க மூன்று வருடம் ஆனது. நூற்றிருபதை ஐந்தால் பெருக்கினால் அறுநூறு.

ஆற்றில் மிச்சம் இருப்பது அறுநூறு மீன். குழம்பில் போனதையும் செத்ததையும் கழிக்காவிட்டால், அதில் நூற்றிருபது சர்க்காருடையது.

"குறுக்க வலை கட்டினா எத்தினி நாளு தாங்கும்?" அக்கா கேட்டாள். காண்டிராக்டர் வருகிற செய்தி எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது.

"பத்து நாள்," என்றேன்.

அவள் வலையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். வழியெல்லாம் ஒன்றும் கேலி செய்யவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கப்பல் சொன்ன நேரத்துக்கு வந்தது. அந்தத் தீவில் அப்படி நடப்பது அபூர்வம். பதினொரு மணிக்கு ஜீப் வந்து பள்ளிக்கூடக் கொட்டகை முன் நின்றது. எங்கள் அதிகாரி திருநாவுக்கரசு இறங்கினார். ஐம்பது வயது, நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசியதில்லை. கூடவே காண்டிராக்டர் பரமசிவம், தோல் பையுடன். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையின் கீழ் அறுபத்திரண்டு பேரும் வரிசையாக நின்றார்கள். பெண்கள் ஓரமாக. எனக்கு அதிகாரியின் பக்கத்தில் நாற்காலி.

உட்காரும் முன்பே புதுக் கணக்கை எழுதிய தாளை அவர் கையில் கொடுத்துவிட்டேன். வாயைத் திறக்காமல் உண்மையைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை இன்னும் இருந்தது.

"இது என்னம்மா, அறுநூறு?"

"மறுபடி எண்ணினேன் சார்."

"மழை சீசன் ஆரம்பிச்சிடுச்சில்ல. மீன் ஒதுங்கிருக்கும்," என்று அவரே எனக்கு ஒரு காரணம் கொடுத்தார். "ரெண்டு எண் வந்தா சராசரி எடுத்துக்கலாம். முப்பத்தாறாயிரம், அறுநூறு. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா," பேனாவால் தாளின் மூலையில் போட்டுப் பார்த்தார், "பதினெட்டாயிரத்து முந்நூறு. பத்தாயிரத்துக்கு மேலதான் இருக்கு. கவலைப்படாதே."

பிறகு எழுந்து கூட்டத்துக்கு ஹிந்தியில் என் அறிக்கையை விளக்கினார். இந்தப் பெண் ஐந்து நாட்கள், இடுப்பளவு தண்ணீரில், முதலை இருக்கும் ஆற்றில், தன் கையால் வலை வீசி அறுநூறு மீன்களைப் பிடித்து எண்ணியிருக்கிறாள் என்றார். நான் எழுதியது வெறும் பெயர்தான். இடுப்பளவு தண்ணீரும் முதலையும் அவர் அன்பாகச் சேர்த்தது.

கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் அந்த ஐந்து நாளும் என் ஸ்டூலுக்கு முன்னால் குண்டானை இறக்கி வைத்தவர்கள். ஒரு வார்த்தை போதும். 'இல்லை ஸாப், மேடம் வீட்டு வாசலில்தான் இருந்தார்' என்று ஒருவர் சொன்னால் குத்தகை நின்றுவிடும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு, அணிவகுப்பில் கண்ணைத் திருப்பச் சொன்னது போல, எல்லோரும் நேர் எதிரே இருந்த சுவரைப் பார்த்தார்கள். ஜனவரியில் மூன்று தவணையாகச் சிரித்தவர்கள் இவர்கள்தான்.

சுபேதார் ஒரு அடி முன்னால் வந்து விறைத்து நின்றார்.

"ஸாப், தப்பு என்னுது. நிஷான் போட்ட மீனைத் திருப்பி வுடச் சொல்லி நான் ஆர்டர் போட்டேன். அதனால கணக்கு தப்பாயிருக்கும். பணிஷ்மெண்ட் எனக்குக் குடுங்க. ஆத்தை வுட்டுடுங்க."

அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது. என் 'இல்லை'யைக் கேட்ட அன்றே புரிந்திருக்க வேண்டும்.

திருநாவுக்கரசு சார் சிரித்தார். "நீங்க வீட்டுக்குப் பிடிக்கிற மீனுக்குத்தானே ஆர்டர் போட்டீங்க சுபேதார்? இவங்க எண்ணினது இவங்களே பிடிச்ச மீனை. அதுக்கும் உங்க ஆர்டருக்கும் சம்பந்தமே இல்லையே. நீங்க திருப்பி விட்டதுனால நிஷான் மீன் கொஞ்சம் அதிகமாத்தான் கிடைச்சிருக்கணும். அப்பவும் அறுநூறுல ரெண்டுதான் வந்திருக்குன்னா ஆத்துல மீன் எவ்வளவு இருக்கும், பாருங்க!"

சரியான அறிவியல். கல்லூரியில் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கொடுத்ததில்லை.

சுபேதார் அதே இடத்தில் நின்றார். அவரிடம் இன்னும் ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொல்லாமல் மீசைக்குக் கீழே உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பரமசிவம் பையிலிருந்து குத்தகைத் தாளை எடுத்து மேஜையில் விரித்தார். "மழை விட்டதும் வலையை எறக்கிடலாம் சார். மூங்கில்கூட கப்பல்லயே கொண்டாந்துட்டேன்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். முறைக்காக, ஓரத்தில் நின்ற பெண்களைப் பார்த்து, நான் தங்கியிருந்த வீட்டுக்காரியைத் தேடிக் கேட்டார்: "ஏம்மா, நீதானே இவங்களுக்கு இடம் கொடுத்த? அந்த அஞ்சு நாளும் தினம் ஆத்துக்குப் போனாங்கதானே?"

தனபாக்கியம் அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். போன மழையில் கப்பல் பதினாறு நாள் தாமதமானபோது அந்த வீட்டில் அரிசிக் கஞ்சியும் நாயக் மீனும் மட்டுமே இருந்ததாக அவளே சொல்லியிருக்கிறாள். ஊரில் யாரையும் கேலி செய்யாமல் விட்டதில்லை. அன்றைக்கு என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"போனாங்க சார். விடியறதுக்குள்ள போயிடுவாங்க. நான் வேணாம்னாகூடக் கேக்க மாட்டாங்க."

"பாத்தீங்களா!" என்றார் அதிகாரி பெருமையாக. பேனா தாளைத் தொட்டது.

நான் எழுந்தேன். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. நாற்பது பேர் முன்னால் தண்ணீரில் விழுந்தவளுக்கு அது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அது பொய், அதைவிட மோசமாக இருந்தது.

"சார்," என்றேன்.

"என்னம்மா?"

சொன்னேன். உதடு அசைந்தது.

"மழைச் சத்தத்துல கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லு."

அவருக்கு மட்டும் சொல்லிப் பயனில்லை என்று தோன்றியது. அவர் நல்லவர், இன்னொரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவார். கூட்டத்தின் பக்கம் திரும்பினேன். அறுபத்திரண்டு பேரும் சுவரிலிருந்து கண்ணை எடுத்து, வேண்டாம் என்பது போல என்னைப் பார்த்தார்கள். நான் முதலில் ஹிந்தியில் சொன்னேன், பிறகு தமிழில், இரண்டு முறையும் மழையை மீறிக் கேட்கும்படி:

"அறுநூறு மீனையும் பிடிச்சது நான் இல்லை. அந்த அஞ்சு நாளும் நான் ஆத்துக்கே போகலை. இவங்க வீட்டு வாசல்ல உக்காந்து, இவங்க சாப்பிடக் கொண்டுபோன மீனை எண்ணி என் பேரை எழுதிட்டேன்."